வீடு தேடிப் போன பிறகுதான் சங்கம்: குடியிருப்போர் நலச்சங்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில், நாகர்கோவிலின் மேற்கு ஓரத்தில், சானல்கரையை ஒட்டிய ஒரு நகரில் 68 வீடுகள் கொண்ட குடியிருப்போர் நலச்சங்கத்தில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். அதில் ஆறு ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம், கருங்கல் பக்கமிருந்து புதிதாகச் சங்கம் தொடங்குகிறவர்களும், தொடங்கிய சங்கம் படுத்துவிட்டதே என்று வருந்துகிறவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் நகரில் எழுபது வீடுகள். பொதுக்கூட்டம் என்று நோட்டீஸ் கொடுத்தால் ஒன்பது பேர் வருகிறார்கள். மக்களுக்கு அக்கறையே இல்லையா?

அக்கறை இருக்கிறது. ஒருவரோடு ஒருவர் பேசிப் பழகும் வாய்ப்புத்தான் இல்லை.

நம் மாவட்டத்தில் வீடுகள் அமைந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். தோவாளை, பூதப்பாண்டி, சுசீந்திரம் வட்டாரத்துப் பழைய ஊர்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். திண்ணையில் உட்கார்ந்தால் தெரு முழுவதும் கண்ணில் படும். கல்குளம், விளவங்கோடு பக்கம் அப்படியில்லை. ஒவ்வொரு வீடும் தன் விளைக்குள், தென்னைக்கும் பலாவுக்கும் நடுவே தனியாக நிற்கும். புதிதாக முளைத்த நகர்களில் ஆளுயரக் காம்பவுண்டுச் சுவரும் இரும்புக் கேட்டும் சேர்ந்துகொண்டன. உள்ளே சொந்தக் கிணறு, மோட்டார். தண்ணீர் பிடிக்கக்கூட யாரும் தெருவுக்கு வர வேண்டியதில்லை. பத்து ஆண்டுகள் பக்கத்து வீட்டில் இருந்தும் பெயர் தெரியாமல் இருப்பது இப்படித்தான். பெயர் தெரியாதவர்கள் கூடும் கூட்டத்துக்கு ஒரு நோட்டீஸை நம்பி யார் வருவார்கள்?

எங்கள் முதல் இரண்டு கூட்டங்களும் பிசுபிசுத்துப் போயின. மூன்றாவது முறை நோட்டீஸே அச்சடிக்கவில்லை. நான்கு பேர் இருவர் இருவராகப் பிரிந்து, மாலை ஐந்தரை மணிக்கு மேல், நாளொன்றுக்கு ஆறு வீடுகள் என்று ஏறி இறங்கினோம். எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான் கேட்டோம்: "இந்தத் தெருவில் உங்களுக்கு எது தொந்தரவாக இருக்கிறது?" பதிலை அவர்கள் கண்ணெதிரிலேயே நோட்டில் எழுதிக்கொண்டோம். சந்தாவைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஒரு வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டைப் பாதி திறந்து, "என்ன, நன்கொடையா?" என்றார். "இல்லை டீச்சர், ஒரு கேள்வி கேட்கத்தான் வந்தோம்" என்றேன். கேள்வியைக் கேட்டதும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். கோபமோ என்று நாங்கள் விழித்துக்கொண்டு நின்றோம். திரும்பி வந்தவர் கையில் நீல நிறக் கோப்பு ஒன்று. தன் வீட்டு முன் சாய்ந்து நின்ற மின்கம்பத்துக்காகத் தனியாளாக எழுதிய ஐந்து மனுக்களின் நகல்கள், ஒவ்வொன்றோடும் ஒப்புகைச் சீட்டுக் குத்தி வைக்கப்பட்டிருந்தது. 'அந்த வீட்டுக்காரர்கள் எதற்கும் வரமாட்டார்கள்' என்று முந்தின கூட்டத்தில் நாங்கள் பேசிக்கொண்டது அவரைப் பற்றித்தான். அன்றிலிருந்து யாரையும் அக்கறை இல்லாதவர் என்று நான் சொல்வதில்லை.

முதல் வேலையாக எதை எடுப்பது?

சிறியதாக, கண்ணுக்குத் தெரிவதாக, ஓரிரு வாரத்தில் முடிவதாக ஒன்றை எடுங்கள். பூங்கா, சமுதாயக்கூடம், கேமரா எல்லாம் பிறகு. பெரிய திட்டத்தில் தொடங்கிய சங்கங்கள் மதிப்பீடு போடுவதற்குள் களைத்துப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் நோட்டில் 41 வீடுகள் ஒரே குறையைச் சொல்லியிருந்தன. மழை பெய்தால் தெரு முக்கில் முழங்கால் அளவு தண்ணீர் கட்டி நிற்கிறது. இந்த மாவட்டத்துக்கு இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. அதனால் ஆண்டில் பாதி நாள் அந்த முக்கில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். சாலைக்கு அடியில் போகும் சிமென்ட் குழாய் அடைத்திருந்தது. எல்லோருக்கும் தெரியும், யாரும் தொடவில்லை.

உள்ளாட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று மணிக்குப் பதினான்கு பேர் மண்வெட்டியும் கடப்பாரையும் மூங்கில் கழியுமாக இறங்கினோம். குழாய்க்குள் இருந்து வந்தவை: தேங்காய்த் தொண்டுகள், ஓலை மடல், நெகிழிப் பைகள், ஒரு கிழிந்த பாய். பாதி வேலையில் எதிர்வீட்டு மைனி ஒரு சருவம் நிறையச் சுக்குக் காப்பி கொண்டுவந்தார். கேட்டுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்த இருவர் தங்கள் வீட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். ஐந்தே முக்கால் மணிக்கு அடைப்பு விட்டது. தேங்கிய தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியபோது சிறுபிள்ளைகள் கத்திய கத்தலில் பின்தெருக்காரர்களும் வந்துவிட்டார்கள். அடுத்த பொதுக்கூட்டத்துக்கு 39 பேர் வந்தார்கள்.

ஓர் எச்சரிக்கை. நாங்கள் செய்தது சாலையோர மழைநீர் ஓடையில், வெளியில் நின்றுகொண்டு. கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் பாதாளச் சாக்கடைக்குள்ளும் யாரையும், கூலி கொடுத்தும்கூட, இறக்கக் கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது. உள்ளே தேங்கும் விஷவாயு ஆளைக் கொன்றுவிடும்.

வாட்ஸ்அப் குழு இருக்கிறதே, அது போதாதா?

செய்தி சொல்லப் போதும். முடிவெடுக்கப் போதாது. குழுவில் கட்டைவிரல் காட்டிய முப்பது பேரில் ஐந்து பேர்கூட மண்வெட்டி எடுத்துக்கொண்டு வந்ததில்லை. முகம் பார்த்துச் சொல்ல முடியாத வார்த்தைகளை இரவு பதினோரு மணிக்குக் குழுவில் எழுதிவிட்டு ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருக்கும் இரண்டு வீடுகளையும் எனக்குத் தெரியும். எங்கள் குழுவில் தெருச் செய்தி மட்டும்தான். மதம், கட்சி, காலை வணக்கப் படம் எதற்கும் இடமில்லை. செல்போன் பார்க்காத முதியவர்களுக்காக அதே செய்தியைப் பெரிய எழுத்தில் எழுதி முக்கிலுள்ள பெட்டிக்கடையில் ஒட்டுகிறோம். கடைக்காரர் அதை வாய்விட்டுப் படித்துக் காட்டுவார் என்பது கூடுதல் வசதி.

கூட்டத்தை எந்த நாள், எந்த நேரத்தில் வைப்பது?

உங்கள் தெருக்காரர்கள் என்ன தொழில் செய்கிறார்கள் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடிவதற்கு முன்பே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். அவர்களை இரவு ஒன்பது மணிக்குக் கூட்டத்தில் உட்கார வைப்பது கொடுமை. கடற்கரை ஊர்களில் பெரிய முடிவுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் நல்ல நேரம். நம் மாவட்டத்தில் அது இரண்டு விதம்: சின்னமுட்டத்தில் கிழக்குக் கடற்கரைக் கணக்குப்படி ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்தில் மேற்குக் கடற்கரைக் கணக்குப்படி ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஞாயிறு காலையைத் தொடவே வேண்டாம். தேவாலய வழிபாடு முடிந்து வீட்டுக்கு வரவே பத்தரை, பதினொன்று ஆகிவிடும். முகூர்த்த நாளைத் தவிருங்கள். கல்யாணம், அடியந்திரம் போன்ற வீட்டுச் சடங்குகள் இருக்கும் நாளில் தலைவரே வரமாட்டார்.

எங்களுக்குப் பொருந்தியது ஞாயிறு மாலை நான்கரை மணி. ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிடமும் இல்லை. நேரத்துக்கு முடியும் என்று தெரிந்தால் அடுத்த முறையும் வருவார்கள். இடத்தை மாற்றி மாற்றி வைக்கிறோம். ஒருமுறை ஒரு வீட்டு முற்றம், அடுத்த முறை வேறொரு வீட்டு மாமரத்தடி. ஏற்பாடு செய்கிற வீட்டார் தேநீரும் ரசவடையும் தர முன்வந்தால் மறுக்க வேண்டாம், ஆனால் அதை வழக்கமாக்கிவிடாதீர்கள். வசதி குறைந்த வீட்டுக்காரர்கள் தங்கள் முற்றத்தைத் தரத் தயங்குவார்கள்.

ஊரில் ஏற்கெனவே கோயில் கமிட்டி, அன்பியம் (கத்தோலிக்கக் குடும்பங்களின் குழு), ஜமாஅத், இளைஞர் மன்றம் எல்லாம் இருக்கின்றன. தனியாக ஒரு சங்கம் எதற்கு?

அவை ஒவ்வொன்றும் தன் மக்களை நன்றாகவே பார்த்துக்கொள்கிறது. ஆனால் கழிவுநீர் ஓடை ஒரு வீட்டு வாசலில் தொடங்கி வேறொரு வழிபாட்டுக்காரர் கிணற்றோரம் போய் முடிகிறது. அந்த இருவரும் சேர்ந்து உட்கார ஓர் இடம் வேண்டும், அதற்குத்தான் சங்கம். 1982இல் மண்டைக்காட்டில் நடந்த மதக் கலவரத்தை நேரில் பார்த்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. வதந்தி ஒன்று கிளம்பும் இரவில், எதிர்வீட்டுக்காரரின் போன் எண் கையில் இருப்பதும், அவரைப் பெயர் சொல்லி அழைக்க முடிவதும் எவ்வளவு பெரிய காரியம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அதனால் மற்ற அமைப்புகளோடு போட்டி போடாதீர்கள். அவர்களின் உதவியைக் கேளுங்கள். அன்பியப் பொறுப்பாளருக்கு ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர், யாருக்கு உடல்நலமில்லை என்பது விரல்நுனியில் இருக்கும். கோயில் கமிட்டியிடம் நாற்காலியும் பந்தல் கம்பிகளும் இருக்கும். படிப்பகம் இருக்கும் ஊர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. கூட்டம் நடத்த அதைவிடப் பொதுவான இடம் வேறில்லை. எங்கள் கூட்டத்தை எந்த வழிபாட்டோடும் தொடங்குவதில்லை, எந்த மதத்தின் மண்டபத்திலும் நடத்துவதில்லை. இது எங்கள் சங்க விதிகளான பைலாவிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

வாடகைக்கு இருப்பவர்களைச் சேர்க்கலாமா?

கட்டாயம் சேர்க்க வேண்டும். வீட்டின் உரிமையாளர் மஸ்கட்டில் இருப்பார். முக்கில் தேங்கும் தண்ணீரில் நடப்பவர் வாடகைக்காரர். 'சொத்து உள்ளவர்' என்று உறுப்பினருக்கு இலக்கணம் எழுதாமல் 'குடியிருப்பவர்' என்று எழுதுங்கள். எங்கள் தெருவில் மின் வேலை தெரிந்த ஒரே ஆள் வாடகை வீட்டுக்காரர்தான்.

வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகளை என்ன செய்வது?

எங்கள் தெருவில் ஒன்பது வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. உரிமையாளர்களிடமிருந்து சந்தாவை எதிர்பார்ப்பதற்கு முன், அவர்களுக்கு ஒரு நன்மை செய்யுங்கள். மாதம் ஒருமுறை கேட்டுக்கு வெளியே நின்று வீட்டைப் படம் எடுத்து அவருக்கு மட்டும் அனுப்புகிறோம். மதில் சாய்கிறதா, தென்னை ஓலை கம்பியில் தொங்குகிறதா என்பது அதில் தெரியும். விடுமுறைக்கு வந்த ஒருவர் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் சங்கத்துக்கு வந்து மூன்று ஆண்டுச் சந்தாவைக் கட்டினார்.

பூட்டிய வீட்டின் பெரிய ஆபத்து கொசு. மூடாத மேல்நிலைத் தொட்டி, முற்றத்தில் மல்லாந்து கிடக்கும் சிரட்டை, பழைய டயர் ஆகியவற்றில் நிற்கும் தெளிந்த நீரில்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். ரப்பர் தோட்டத்தை ஒட்டிய குடியிருப்புகளில் இன்னும் கவனம் வேண்டும். மழைக்காலத்தில் பால் வெட்டு நிற்கும்போது மரத்தில் கட்டிய கிண்ணங்களைக் கவிழ்த்து வைக்கச் சொல்லித் தோட்டக்காரரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். முற்றத்துக்குள் போக வேண்டுமென்றால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும்.

பெண்கள் வருகிறார்கள், ஆனால் பேசுவதில்லை.

நாற்காலிகளை எப்படிப் போட்டிருக்கிறீர்கள்? மேடை மாதிரி முன்னால் ஐந்து ஆண்கள், பின்வரிசையில் பெண்கள் என்றால் யாரும் பேசமாட்டார்கள். வட்டமாகப் போடுங்கள். "யாராவது சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்காமல், "அக்கா, குப்பை வண்டி உங்கள் பக்கம் எத்தனை மணிக்கு வருகிறது?" என்று அவர் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வியைக் கேளுங்கள். பகல் முழுவதும் தெருவில் என்ன நடக்கிறது என்பது வேலைக்கு வெளியே போகும் ஆண்களுக்குத் தெரியாது.

இன்னொன்று, பொறுப்பைக் கையில் கொடுங்கள். தமிழ்நாட்டின் உள்ளாட்சி மன்றங்களில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. ஒரு தெருச் சங்கத்தின் செயற்குழுவில் ஐந்துக்கு ஒருவர்கூட இல்லை என்றால் எப்படி? எங்கள் பொருளாளர் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவை நடத்தும் பெண். பத்து ரூபாய்க்குக்கூட வரவு செலவு எழுதிப் பழகியவர். அவர் வந்த பிறகு எங்கள் கணக்கில் யாரும் குறை சொன்னதில்லை.

சந்தா எவ்வளவு வைப்பது? பணம் என்றதும் எல்லோரும் ஒதுங்குகிறார்களே?

எங்களுக்கு மாதம் 50 ரூபாய். தொகையைவிடக் கணக்குத்தான் முக்கியம். பெட்டிக்கடைச் சுவரில் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி வரவு செலவைக் கையால் எழுதி ஒட்டிவிடுகிறோம். ஒரு மாதம் 140 ரூபாய்க்கு ரசீது தொலைந்துவிட்டது. குழுவில் ஒருவர், "கூலியில் சேர்த்து எழுதிவிடலாமே" என்றார். பொருளாளர் மறுத்துவிட்டார். 'பல்பு வாங்கியது, ரசீது தொலைந்துவிட்டது: 140' என்று அப்படியே எழுதினார். அந்தத் தாளைப் பார்த்த பிறகு, அதுவரை ஒரு ரூபாயும் தராத நான்கு வீடுகள் அதே வாரத்தில் சந்தா கட்டின.

தர முடியாதவரிடம் கேட்காதீர்கள். யார் தரவில்லை என்பதைச் சுவரில் ஒட்டாதீர்கள்.

சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டுமா?

முதல் ஓரிரு வேலைகளைப் பதிவுக்காகக் காத்திருக்காமல் செய்யுங்கள். பிறகு பதிவு செய்துவிடுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். சங்கத்தின் நோக்கங்களையும் விதிகளையும் எழுதிக் கொடுக்க வேண்டும். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும். கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் தாக்கல் செய்ய வேண்டும். பல சங்கங்கள் பதிவோடு நின்றுவிட்டு ஆண்டுத் தாக்கலை மறந்துவிடுகின்றன. பின்னால் அபராதமும் அலைச்சலும் வரும். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கி, இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று வையுங்கள்.

விதிகளை வேறு ஊர்ச் சங்கத்திடமிருந்து அப்படியே நகலெடுக்காதீர்கள். சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பின் பைலாவில் லிப்ட் பராமரிப்புக்கு இரண்டு பக்கம் இருக்கும். தனித்தனி வீடுகளும் கிணறுகளுமாக இருக்கும் நமக்கு அதில் ஒன்றும் இல்லை.

மனு கொடுத்துக் கொடுத்துச் சலித்துவிட்டது. எப்படிக் கொடுத்தால் வேலை நடக்கும்?

முதலில் உங்கள் சாலை யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இதில்தான் பாதி நகர்கள் மாட்டிக்கொள்கின்றன. மனைப்பிரிவு போட்டவர் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காமல் விட்டிருந்தால், சாலை இன்னும் தனியார் நிலம். அலங்காரத் தரைக்கற்கள் பதிக்க நிதி ஒதுக்க முடியாது என்று அலுவலகத்தில் சொல்வது அதனால்தான். 3000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்து விழுக்காடு இடத்தைப் பொது உபயோகத்துக்கு ஒதுக்க வேண்டும் என்பதும் விதி. அந்த இடம் எங்கே இருக்கிறது, யார் வேலி போட்டிருக்கிறார்கள் என்று அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

அடுத்து, ஒரு மனுவில் ஒரு குறை மட்டும் எழுதுங்கள். தெருவிளக்கு, ஓடை, நாய்த்தொல்லை, ரேஷன் கடை என்று எட்டையும் ஒரே தாளில் எழுதினால் எட்டு பிரிவுகளுக்கும் அது போகாது. கம்பத்தின் எண்ணை எழுதுங்கள், படம் வையுங்கள், தெருவில் உள்ள எல்லா வீட்டாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்து வாங்கப் போவதே மறுபடியும் எல்லோரையும் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு. திங்கள்கிழமை தோறும் நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மூன்று வேறு வீடுகளிலிருந்து மூன்று பேராகப் போங்கள். ஒவ்வொரு முறையும் செயலாளரே போனால், மற்றவர்களுக்கு அது செயலாளரின் சொந்தக் குறையாகிவிடும்.

அந்த ஆசிரியையின் மின்கம்பம் ஆறாவது மனுவில் மாற்றப்பட்டது. ஐந்தில் ஒரு கையெழுத்து, ஆறாவதில் 52 கையெழுத்துகள்.

கிராம சபை, பகுதி சபை என்கிறார்களே, எங்களுக்கு எது?

நீங்கள் இருப்பது ஊராட்சி என்றால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்கள். கோரம் என்று ஒன்று உண்டு: 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். உங்கள் சங்கம் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு போனால் அங்கே அது பெரிய குரல். தீர்மானம் பதிவேட்டில் எழுதப்பட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும்.

பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சியில் கிராம சபை கிடையாது. இது நம் மாவட்டத்தில் பலரைக் குழப்புகிறது. பார்க்கக் கிராமமாக, தோப்பும் வயலுமாக இருக்கும் எத்தனையோ ஊர்கள் இங்கே பேரூராட்சிகள். நகர்ப்புறத்துக்கு 2022இல் வார்டு குழுவும் பகுதி சபையும் விதிகளாக வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று முதல் பகுதி சபைகள் கூடின. நாகர்கோவில் மாநகராட்சியின் 52 வார்டுகளுக்கும் இது பொருந்தும். உங்கள் பகுதிக்கு அடுத்த கூட்டம் எப்போது என்று கவுன்சிலரிடம் கேட்டுக்கொண்டே இருங்கள்.

கவுன்சிலர் வேறு கட்சி. சங்கத்தில் கட்சிக்காரர்களைச் சேர்க்கலாமா?

குடியிருக்கிற எல்லோரையும் சேர்க்கலாம். கட்சிப் பொறுப்பில் இருப்பவர் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆக வேண்டாம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் அறிவித்த நாள் முதல் முடிவு வரும்வரை சங்கத்தின் பெயரில் யாருக்கும் சால்வை போடாதீர்கள். கவுன்சிலர் எந்தக் கட்சியாக இருந்தாலும் நல்லது செய்தால் நேரில் போய் நன்றி சொல்லுங்கள். திட்ட மட்டும் அவரைத் தேடுகிறோம் என்று அவர் நினைக்கக் கூடாது.

இளைஞர்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வரமாட்டார்கள். பொங்கல் விளையாட்டுப் போட்டியை அவர்களிடம் விட்டுவிடுங்கள். வடம் இழுத்தல், உறியடி, சிறுபிள்ளைகளுக்கு எலுமிச்சை ஸ்பூன், எல்லாம் அவர்கள் பொறுப்பு. தொகையைக் கொடுங்கள், கணக்குக் கேளுங்கள், நடுவில் போய் யோசனை சொல்லாதீர்கள். எங்கள் பிள்ளைகள் டிசம்பரில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டும்போதே தெருவிளக்குகளையும் எண்ணி, எது எரியவில்லை என்று பட்டியல் கொடுத்துவிடுகிறார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

புயல், வெள்ளம் வரும்போது சங்கம் என்ன செய்ய முடியும்?

2017 நவம்பர் 30 காலை ஒக்கிப் புயல் வந்தது. கடலுக்குப் போன எத்தனையோ மீனவர்கள் திரும்பவில்லை. அந்தத் துயரத்தின் முன்னால் எங்கள் தெருவின் கஷ்டம் ஒன்றுமே இல்லை. ஆனாலும் அந்த நாட்களில் ஒன்றைக் கற்றுக்கொண்டோம். மின்கம்பங்கள் மாவட்டம் முழுவதும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. வீட்டுக்கு வீடு கிணறு, கிணறு நிறையத் தண்ணீர், ஆனால் எடுக்க வழியில்லை. மோட்டார் வந்ததும் கப்பியைக் கழற்றிப் போட்டிருந்தோம். தெருவில் ஒரே ஒரு வீட்டில், எண்பது வயதுப் பாட்டி ஒருவரின் பிடிவாதத்தால், கப்பியும் கயிறும் வாளியும் அப்படியே இருந்தன. இரண்டாம் நாள் காலை அந்த முற்றத்தில் தெருவே நின்றது. பத்து ஆண்டுகளாகப் பார்த்துச் சிரிக்காதவர்கள் மாறி மாறி ஒருவருக்கொருவர் இறைத்துக் கொடுத்தார்கள்.

இன்று எங்கள் தெருவில் ஐந்து கிணறுகளில் கப்பி மாட்டியிருக்கிறோம். ஒரு தாளில் யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறோம்: மரம் அறுக்கும் இயந்திரம், ஜெனரேட்டர், நீளமான கயிறு, ஏணி, நர்ஸ் வேலை தெரிந்தவர். ஆக்சிஜனோ இன்சுலினோ தேவைப்படும் வீடுகள் தனியாக, பொறுப்பாளர்கள் மூவருக்கு மட்டும் தெரியும்படி. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077, மின்தடைப் புகாருக்கு மின்னகம் 94987 94987. இந்த எண்களை போனில் மட்டும் வைக்காதீர்கள். போன் அணைந்துவிடும். அடுக்களைக் கதவில் ஒட்டுங்கள்.

ஒரே ஆள்தான் பத்து ஆண்டுகளாகச் செயலாளர். அவரை விட்டால் ஆளில்லை என்கிறார்கள்.

ஆள் இருப்பார்கள். வேலையைப் பகிர்ந்து கொடுக்காததால் யாருக்கும் கற்றுக்கொள்ள வாய்ப்பு வந்திருக்காது. நான் இரண்டாவது முறை பொறுப்பேற்றபோதே எனக்குப் பின் வரப்போகிறவரை ஒவ்வோர் அலுவலகத்துக்கும் கூட்டிப்போனேன். ஒப்படைக்கும்போது கோப்பு, முத்திரை, கடவுச்சொல் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுத்துவிட்டேன். மறுமாதம் அவர் வேறு மாதிரிச் செய்தார். எனக்கு உறுத்தியது. வாயைத் திறக்கவில்லை. அவர் செய்ததுதான் சரி என்று ஆறு மாதத்தில் புரிந்தது.

தெருவில் ஒரு வீட்டில் துக்கம் நேர்ந்தால் சங்கம் என்ன செய்ய வேண்டும்?

இதைக் கேட்டவர் கருங்கல் பக்கத்து நண்பர். நல்ல கேள்வி. ஏனென்றால் சங்கத்தை ஆண்டு முழுவதும் மதிக்காதவர்கூட இந்த ஒரு நாளை மறக்கமாட்டார். சங்கத்தின் பெயர் போட்ட பேனரும் மாலையும் வேண்டாம். நாற்காலிகள் முப்பது, தார்ப்பாய் ஒன்று, வாசலுக்கு ஒரு விளக்கு, வருகிறவர்களுக்குக் குடிநீர். வெளியூர் உறவினருக்கு வழி சொல்லத் தெரு முக்கில் இரண்டு இளைஞர்கள். பக்கத்து வீடுகளில் இரண்டு கேட்டைத் திறந்துவைத்து, கழிப்பறை தேவைப்படுகிறவர்களை உள்ளே அனுமதியுங்கள். துக்கம் கேட்க வரும் பெண்களும் முதியவர்களும் இதற்காகத்தான் தவித்துப் போகிறார்கள். அந்த வீட்டாருக்கு அன்று இரவு அடுப்பு எரியாது. எந்த வீட்டிலிருந்து கஞ்சி, எந்த வீட்டிலிருந்து துவையல் என்பதைப் பெண்கள் பேசி முடிவு செய்துவிடுவார்கள். நாற்காலிகளை மறுநாளே திருப்பிக் கேட்காதீர்கள். பதினாறு முடியும்வரை அங்கேயே இருக்கட்டும்.